அடுப்படியில் தொடங்கும் விவசாயம்: ஒரு ஏக்கர் மானாவாரி நிலத்துக்குப் புதியவர்களுக்கான வழிகாட்டி

தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்தில் மானாவாரி நிலத்தைக் கொல்லை என்போம். வானம் பார்த்த செம்மண். பெரும்பாலானோருக்கு ஒன்றிரண்டு ஏக்கர்தான். நகரத்து வேலையை விட்டு ஊருக்குத் திரும்புகிறவர்களும், அப்பா விட்டுச் சென்ற நிலத்தை முதன்முறையாகக் கையில் எடுப்பவர்களும் என்னிடம் முதலில் கேட்பது, “எதைப் போட்டால் காசு வரும்?” என்பதைத்தான்.

நானும் அந்தக் கேள்வியோடுதான் இறங்கினேன். கிணற்றில் கிடந்த கொஞ்சம் தண்ணீரை நம்பி ஒரு ஏக்கர் முழுக்கத் தக்காளி நட்டேன். பறிப்புக்கு வந்த நேரத்தில் விலை சரிந்தது. பறிகூலி, பெட்டி வாடகை, வண்டி வாடகை போக மிச்சம் எதுவும் நிற்காது என்று தெரிந்ததும் பாதிப் பழத்தைச் செடியிலேயே விட்டுவிட்டேன். அதே மாதம் வீட்டில் துவரம்பருப்பு தீர்ந்திருந்தது. கடையில் கடன் சொல்லி ஒரு கிலோ வாங்கி வந்தேன். நிலம் வைத்திருப்பவன் பருப்புக்குக் கடன் சொல்லி நின்றது இன்றும் நெஞ்சில் உறுத்துகிறது.

இது என் வீட்டுக் கதை மட்டுமல்ல. தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின் ஐந்தாம் சுற்று (2019–21) தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 53 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை இருப்பதாகச் சொல்கிறது. ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளில் நான்கில் ஒன்று வயதுக்கேற்ற உயரம் இல்லாமல் இருக்கிறது. உணவை விளைவிக்கிற ஊர்களும் இந்தக் கணக்கில்தான் அடங்குகின்றன. விளைச்சலைக் கூட்டுவதும் வீட்டுத் தட்டை நிறைப்பதும் தனித்தனி வேலைகள் என்று நினைத்துக்கொண்டிருப்பதால் வந்த வினை இது. இரண்டையும் ஒரே திட்டத்தில் அடக்கலாம். எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் ஒடிசாவின் கோராபுட்டிலும் மகாராஷ்டிரத்தின் வார்தாவிலும் இந்த எண்ணத்தைக் களத்தில் செய்து பார்த்திருக்கிறது. எங்கள் செம்மண்ணில் அதை எப்படிச் செய்யலாம் என்பதை வரிசையாகச் சொல்கிறேன்.

முதல் வேலை: ஒரு வாரம் நோட்டுப் போடுங்கள்

நிலத்துக்குப் போகும் முன் அடுப்படிக்குப் போங்கள். ஒரு வாரம், மூன்று வேளையும் வீட்டில் என்ன சமைத்தார்கள், அதில் எது கடையில் வாங்கியது, எது ரேஷன், எது சொந்த நிலத்தில் விளைந்தது என்று எழுதுங்கள். யார் எதைச் சாப்பிட்டார்கள் என்பதையும் எழுதுங்கள். குழம்பில் கிடந்த காய் கடைசியாகச் சாப்பிட உட்காரும் பெண்ணின் தட்டுக்கு வந்ததா என்பது இந்த நோட்டில்தான் தெரியும்.

எங்கள் வீட்டு நோட்டில் சோறு 14 வேளை இருந்தது. பருப்பு மூன்று வேளை, கீரை ஒரு வேளை, முட்டை இல்லை, பழம் இல்லை. இரண்டு மாடு கறந்தும் பால் முழுவதையும் சொசைட்டிக்கு ஊற்றிவிட்டு, டீக்கு மட்டும் கால் லிட்டர் வைத்திருந்தோம். இந்த நோட்டைப் பார்த்த பிறகுதான் கொல்லையில் எதைப் போடவேண்டும் என்பது எனக்குப் புரிந்தது.

எவ்வளவு வேண்டும் என்பதற்கும் ஒரு கணக்கு உண்டு. ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் ஒருவருக்கு ஒரு நாளைக்குக் கீரை உட்படக் காய்கறி 400 கிராம், பருப்பு, முட்டை, இறைச்சி வகையில் 85 கிராம் என்று இருக்கிறது. ஐந்து பேர் உள்ள வீட்டில் இந்த 85 கிராமைப் பருப்பு, பயறு வகையிலேயே கொடுப்பதென்றால் ஆண்டுக்குச் சுமார் 155 கிலோ வேண்டும். கடையில் காசு கொடுத்து இதை வாங்கும் குடும்பம் எங்கள் ஊரில் இல்லை. ஆனால் இதில் பெரும்பகுதியை ஒரு ஏக்கரில் ஊடுபயிராகவே எடுத்துவிடலாம். தானியக் கணக்கும் இதேபோல்தான். ஆளுக்கு ஒரு வேளை 100 கிராம் கேழ்வரகு என்றால் ஆண்டுக்கு 180 கிலோ, ஏறக்குறைய இரண்டு மூட்டை போதும். மிச்சம் விற்பனைக்கு.

மண்ணும் மழையும்

மண் மாதிரி எடுப்பதைச் சித்திரையிலேயே முடித்துவிடுங்கள். வரப்போரம், மரத்தடி, எருக்குவியல் கிடந்த இடம் இவற்றை விட்டுவிட்டு, ஏக்கருக்குப் பத்துப் பன்னிரண்டு இடங்களில் மேலே கிடக்கும் சருகை விலக்கி, மண்வெட்டியால் ஆங்கில ‘வி’ எழுத்துப்போல ஆறு அங்குல ஆழத்துக்குக் குழி வெட்டுங்கள். குழியின் சுவரில் மேலிருந்து கீழ்வரை ஒரே கனத்தில் மண்ணைச் சீவி எடுங்கள். எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டிக் கலந்து, வட்டமாகப் பரப்பி, நான்காகப் பிரித்து, எதிரெதிர் இரண்டு பாகத்தைத் தள்ளிவிடுங்கள். அரைக் கிலோ மிஞ்சும்வரை இப்படியே குறைத்து, நிழலில் உலர்த்தித் துணிப்பையில் போட்டு மண் பரிசோதனை நிலையத்தில் கொடுங்கள். தருமபுரிக்காரர்களுக்குப் பாப்பாரப்பட்டியிலும், கிருஷ்ணகிரிக்காரர்களுக்கு எலுமிச்சங்கிரியிலும் வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது. மண் அறிக்கை வராமல் உர மூட்டை வாங்காதீர்கள். பக்கத்துக் காட்டுக்காரர் போடுகிறார் என்று நானும் யூரியா போட்டு, கேழ்வரகு தழைத்துச் சாய்ந்ததைப் பார்த்தவன்.

மழையைப் பற்றி ஒரே ஒரு கணக்கு. ஒரு ஏக்கரில் ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் 4,000 லிட்டருக்கும் மேல் தண்ணீர். ஒரு நல்ல மழை 30 மில்லிமீட்டர் பெய்தால் 1,20,000 லிட்டர். அது சரிவில் ஓடி ஓடையில் கலந்தால் மேல்மண்ணையும் இழுத்துக்கொண்டே போகும். ஆகவே சித்திரை, வைகாசியில் கோடை மழை பெய்த ஈரத்தில் சரிவுக்குக் குறுக்காக உழுங்கள். டிராக்டர் ஓட்டுகிறவர் திருப்புவதற்கு எளிது என்று சரிவின் போக்கிலேயே ஓட்டப் பார்ப்பார். கூடவே நின்று குறுக்காக ஓட்டச் சொல்லுங்கள். வரப்பில் உடைந்த இடங்களை அப்போதே கட்டிவிடுங்கள். தாழ்ந்த மூலையில் இடம் இருந்தால் பண்ணைக்குட்டை வெட்டலாம். அதில் சேரும் நீரை ஐப்பசியில் ஒரே ஒரு முறை, பயிர் காயாமல் காக்கும் உயிர்த்தண்ணீராகக் கொடுக்க முடிந்தால்கூடத் துவரை பிழைத்துக்கொள்ளும்.

எரு ஏக்கருக்கு 5 டன் என்பது பரிந்துரை. அவ்வளவு யாரிடமும் இல்லை. இருக்கிற எருவைக் கொல்லை முழுக்கத் தூவி வீணாக்காமல், இந்த ஆண்டு மேற்குப் பாதி, அடுத்த ஆண்டு கிழக்குப் பாதி என்று மாற்றிப் போடுங்கள். ஆட்டுக்கிடை போடுகிறவர்கள் வந்தால் இரண்டு இரவாவது மந்தையைக் கொல்லையில் மடக்கச் சொல்லுங்கள், அதன் எரு மண்ணில் சேரும். ஜீவாமிர்தம், பஞ்சகவ்யம் என்று மாட்டுச் சாணமும் கோமியமும் கலந்து செய்யும் கரைசல்களை நானும் பயன்படுத்துகிறேன், பயிர் தெளிகிறது. ஆனால் அவை எருவுக்கு ஈடாகா. இதைச் சொன்னால் நண்பர்கள் சிலர் கோபித்துக்கொள்கிறார்கள். என் நிலத்தில் எருப் போடாத பாதி எதைத் தெளித்தும் மற்றப் பாதியை எட்டவில்லை.

கொல்லையில் என்ன, எத்தனை வரிசை

திட்டத்தின் உயிர்நாடி இதுதான். நிதானமாகப் படியுங்கள்.

தனிக் கேழ்வரகு வேண்டாம். எட்டு வரிசை கேழ்வரகு, ஒரு வரிசை மொச்சை; மறுபடி எட்டு வரிசை கேழ்வரகு, இரண்டு வரிசை துவரை. இப்படியே கொல்லை முழுக்க. கர்நாடகத்தில் இந்த ஊடுவரிசை முறையை அக்கடி சாலு என்பார்கள். எல்லைக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் பாட்டன் காலத்திலிருந்து இருந்த பழக்கம்தான். கடுகும் ஆமணக்கும்கூட ஓரத்தில் இருக்கும். இடைக்காலத்தில்தான் இந்தப் பழக்கத்தை விட்டுவிட்டோம்.

இந்தச் சேர்க்கை ஏன் வேலை செய்கிறது என்பதைப் புரிந்துகொண்டால் உங்கள் ஊருக்கு ஏற்றபடி நீங்களே மாற்றிக்கொள்ளலாம். கேழ்வரகு நான்கு மாதத்தில் முடிந்துவிடும். துவரை முதல் இரண்டு மாதம் மெதுவாக வளரும், கேழ்வரகுக்குப் போட்டியாக வராது. கேழ்வரகை அறுத்த பிறகு கிடைக்கும் வெளிச்சத்திலும் வடகிழக்குப் பருவமழையிலும் திமிறி எழும். மொச்சை பனியில் பூக்கும். பயறு வகையின் வேர் முடிச்சுகள் காற்றிலிருக்கும் தழைச்சத்தை (நைட்ரஜன்) மண்ணில் சேர்க்கும். ஒரு பயிருக்கு மழை தவறினாலும் இன்னொன்றுக்குக் கிடைக்கும். ஆவணியில் கீரை, கார்த்திகையில் கேழ்வரகு, மார்கழி, தையில் பச்சை மொச்சை, தை, மாசியில் துவரை என்று வீட்டுக்கு மாதாமாதம் ஏதாவது வந்துகொண்டே இருக்கும். ஒரே நாளில் வந்து ஒரே நாளில் விற்றுத் தீரும் பயிர் வயிற்றைக் கவனிக்காது.

சத்தின் கணக்கும் இதே கதைதான். 100 கிராம் கேழ்வரகில் சுமார் 350 மில்லிகிராம் கால்சியம் இருக்கிறது. தீட்டிய அரிசியில் 10 மில்லிகிராம் அளவில்தான் இருக்கும். தானியப் புரதத்தில் லைசின் குறைவு, பயறில் அது நிறைவு. பயறில் குறைகிற மெத்தியோனின் தானியத்தில் இருக்கிறது. களியும் மொச்சைக் குழம்பும் ஒரே தட்டில் சேரும்போது ஒன்றின் குறையை மற்றொன்று அடைக்கிறது. கொல்லையில் பக்கத்துப் பக்கத்து வரிசையில் நின்றவைதான் தட்டிலும் சேர்கின்றன.

கொல்லையைச் சுற்றி மூன்று வரிசை சோளம் விதையுங்கள். சோளத்தட்டு மாட்டுக்குத் தீவனம், கதிர் வீட்டுக்கும் குருவிக்கும். வரப்பில் தட்டைப்பயறு ஊன்றினால் அதில் ஏறும் அசுவினி என்ற சாறு உறிஞ்சும் பூச்சியைத் தின்னப் பொறிவண்டு வரும். தக்காளியை வெறுக்கச் சொல்லவில்லை; கிணற்றோரம் பத்துச் சென்ட் போடுங்கள், அது போதும்.

பருவம் தவறினால் என்ன செய்வது என்பதையும் ஆனியிலேயே முடிவுசெய்து வையுங்கள். ஆடிப்பட்டம் தேடி விதை என்பது சரி, ஆனால் ஆடி மழை வராத ஆண்டுகளும் உண்டு. ஆவணி பாதிவரை விதைக்க முடியாவிட்டால் மூன்று மாதத்துக்குள் வந்துவிடும் சாமைக்கோ தினைக்கோ மாறுங்கள். அதுவும் போனால் புரட்டாசி, ஐப்பசியில் கொள்ளு. விதையை வாங்கி வைத்திருந்தால்தான் இந்த மாற்றம் நடக்கும். மழை பெய்த மறுநாள் விதை தேடி அலைந்தால் ஈரம் காய்ந்துவிடும்.

விதையும் நடவும்

கேழ்வரகில் பையூர் 2, கோ 15, அத்தியந்தல் சிறுதானிய மகத்துவ மையத்தின் ஏடிஎல் 1 போன்றவை எங்கள் பக்கத்தில் கிடைக்கின்றன. நாட்டு ரகம் வைத்திருக்கும் ஆயா யாராவது ஊரில் இருந்தால் அவரிடமும் ஒரு படி வாங்கி ஓரமாக விதைத்துப் பாருங்கள்.

நேரடி விதைப்புக்கு ஏக்கருக்கு 4 முதல் 6 கிலோ. நாற்று விட்டு நடுவதானால் 2 கிலோவும் 5 சென்ட் நாற்றங்காலும் போதும். விதைப்பதற்கு முன் விதையைக் கடினப்படுத்திக்கொள்ளுங்கள். கிலோவுக்கு ஒரு லிட்டர் தண்ணீரில் 6 மணி நேரம் ஊறவைத்து, வடித்து, ஈரத்துணியில் இறுகக் கட்டி இரண்டு நாள் வைத்து, நிழலில் இரண்டு நாள் உலர்த்தவேண்டும். இப்படிச் செய்த விதை முளைத்த பிறகு பத்து நாள் வெயிலடித்தாலும் தாக்குப்பிடிக்கும். துவரை, மொச்சை விதைக்கு ரைசோபியம் நுண்ணுயிர் உரத்தை ஆறிய அரிசிக் கஞ்சியில் கலந்து பூசி, நிழலில் அரை மணி நேரம் உலர்த்தி, அன்றே விதைத்துவிடுங்கள். வெயிலில் உலர்த்தினால் நுண்ணுயிர் செத்துவிடும்.

நாற்று 17 முதல் 20 நாள் வயதில் நடவேண்டும். முற்றிய நாற்று தூர் கட்டாது, அதாவது அடியிலிருந்து பக்கத் தண்டு விடாது. புதியவர்கள் எல்லோரும் செய்யும் தவறு நெருக்கி விதைப்பதுதான். ‘கலக்க விதைத்தால் களஞ்சியம் நிறையும், அடர விதைத்தால் போர் உயரும்’ என்று ஒரு பழமொழி உண்டு. கலக்க என்றால் இடைவெளி விட்டு. அடர்ந்த கொல்லையில் வைக்கோல் போர்தான் உயரும், களஞ்சியத்துக்குத் தானியம் வராது. கர்நாடகத்தின் ஹாவேரிப் பக்கத்தில் குளி ராகி என்ற முறையில் ஒன்றரை அடிக்கு ஒரு குழி எடுத்து, எருவிட்டு, குழிக்கு இரண்டே நாற்று வைக்கிறார்கள். பிறகு கனமான கட்டையை இளம்பயிரின் மேலேயே இழுத்து மடக்குகிறார்கள். மடங்கிய பயிர் அடியிலிருந்து கிளைத்து வெடிக்கும். முதல் ஆண்டே ஏக்கர் முழுக்க இதை முயலவேண்டாம். பத்துச் சென்ட் செய்து பாருங்கள். எனக்கு அதில் தூர் கட்டியதைப் பார்த்துத்தான் நம்பிக்கை வந்தது.

களை எடுக்கும்போது கண்ணைத் திறந்து வையுங்கள்

விதைத்து மூன்று வாரத்தில் முதல் களை. அந்த நேரத்தில் என் அத்தையோடு கொல்லையில் இறங்கினால் அவர் மடியில் இரண்டு முடிச்சு இருக்கும். ஒன்றில் எறியவேண்டிய களை. இன்னொன்றில் பண்ணைக்கீரை, தொய்யக்கீரை, குப்பைக்கீரை, சாரணை. எல்லாம் தானாக முளைத்தவை. வெயில் ஏறுவதற்குள் ஒரு கூடை சேர்ந்துவிடும். அன்று மதியம் துவரம்பருப்போடு கடைந்து, பூண்டு தாளித்துக் களிக்கு ஊற்றுவார். ஐந்தாறு கீரை கலந்ததால் வரும் அந்த ருசி தனிக்கீரைக்கு வராது. “தம்பி, இதற்கு யார் விதை போட்டார்கள்? சாப்பிடுகிறவன்தான் வேண்டும்” என்பார்.

களைக்கொல்லி அடித்த கொல்லையில் இந்தக் கூடை கிடையாது. கூலி மிச்சம் என்று கணக்குப் போடுகிறவர்கள் இந்தக் கீரையின் விலையையும் கணக்கில் சேர்க்கவேண்டும். அடையாளம் தெரியாத கீரையை மட்டும் பறிக்காதீர்கள்; முதல் இரண்டு ஆண்டு தெரிந்த ஒருவரோடு போய்க் கற்றுக்கொள்ளுங்கள்.

துவரை முழங்கால் உயரம் தாண்டியதும் நுனியைக் கிள்ளிவிடுங்கள், பக்கக் கிளை அதிகம் பிடிக்கும். பூக்கும் தருணத்தில் ஒரு முறையும் அடுத்த 15 நாளில் ஒரு முறையும் தழைச்சத்தும் மணிச்சத்தும் உள்ள டிஏபி உரத்தை இரண்டு விழுக்காடு கரைசலாகத் தெளித்தால் பூ உதிர்வது குறையும். ஏக்கருக்கு 4 கிலோ டிஏபியை முதல் நாள் இரவே ஊறவைத்து, தெளிந்த நீரை மட்டும் இறுத்து 200 லிட்டராக்கி மாலையில் தெளிக்கவேண்டும். காய்த்துளைப்பான் வந்தால் முதலில் பறவைகள் உட்காரக் குச்சி நடுங்கள், அடுத்து வேப்பங்கொட்டைக் கரைசல். காய் பறித்துச் சாப்பிடும் பருவத்தில் மொச்சைக்கு மருந்தடித்துவிட்டு மறுநாளே பறிக்கும் பழக்கம் ஊருக்கு ஊர் இருக்கிறது. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். விற்கும் காயானாலும் அதை ஒரு குழந்தை தின்னும்.

அறுவடையும் குதிரும்

கேழ்வரகுக் கதிர் ஒரே நேரத்தில் முற்றாது. தாய்க்கதிர் பழுத்ததும் ஒரு முறை, ஒரு வாரம் கழித்து மறுமுறை என்று இரண்டு அறுப்பாக எடுத்தால் உதிர்வு குறையும். ராகித்தாள் நல்ல தீவனம், கொளுத்திவிடாதீர்கள். மழை ஏமாற்றாத ஆண்டில் 8 மூட்டை வரை எதிர்பார்க்கலாம். ஊடுபயிர்த் துவரை 100 கிலோவைத் தொட்டால் மகிழ்ச்சியடையுங்கள்.

கேழ்வரகு நன்றாகக் காய்ந்தால் ஆண்டுக்கணக்கில் கெடாமல் இருக்கும். பஞ்ச காலத்தில் ஊரைக் காப்பாற்றியது இந்தக் குணம்தான். பயறு அப்படியல்ல. கொல்லையிலேயே வண்டு முட்டையிட்டுவிடும். பல்லால் கடித்தால் டக்கென்று உடையும்வரை காயவையுங்கள். முழுத் துவரையை இரண்டாகப் பிரித்து, விதைக்கும் நாள்பட்ட இருப்புக்கும் செம்மண் கட்டி வையுங்கள். செம்மண் குழம்பில் பிசறி வெயிலில் உலர்த்தினால் வண்டு நெருங்காது. இரண்டு மாதத்துக்கு வேண்டியதை மட்டும் உடைத்துப் பருப்பாக்குங்கள்.

இந்த இடத்தில் ஒரு கண்டிப்பு. வீட்டுக்கான இரண்டு மூட்டை கேழ்வரகும் வீட்டுக்கான துவரையும் தானியம் சேமிக்கும் குதிருக்குப் போன பிறகுதான் வியாபாரியை வரச்சொல்லவேண்டும். களத்துமேட்டில் காசைப் பார்த்துவிட்டால் மனம் மாறும். எங்கள் வீட்டில் குதிரின் சாவியும் முடிவும் என் மனைவியிடம் இருக்கின்றன. சாவி அவரிடம் போன ஆண்டிலிருந்துதான் பருப்பு அடுத்த அறுவடைவரை வந்தது. மிச்சக் கேழ்வரகை விற்க, அரசின் நேரடிக் கொள்முதல் நிலையம் அந்தப் பருவத்தில் திறந்திருக்கிறதா என்று முதலில் விசாரியுங்கள். தருமபுரியில் ரேஷன் கடைகளிலேயே கேழ்வரகு கொடுக்கத் தொடங்கிய பிறகு இந்தக் கொள்முதல் எங்களுக்குப் பெரிய ஆறுதல்.

புழக்கடை: ஐந்து சென்ட், ஒரு குடம்

பாத்திரம் கழுவும் தண்ணீரும் குளிக்கும் தண்ணீரும் போகும் பாதையைப் பாருங்கள், தோட்டம் அங்கேதான். சோப்புத் தண்ணீர் விழும் இடத்தில் கல்வாழை, அடுத்து வாழை, பப்பாளி. நல்ல தண்ணீர் எட்டும் இடத்தில் காய்களும் கீரைகளும். வேலியில் முருங்கையும் அகத்தியும். கூரைமேல் சுரை, பரங்கி, பீர்க்கன். கொய்யா ஒன்று, எலுமிச்சை ஒன்று, கறிவேப்பிலை ஒன்று.

கீரையில் எல்லோரும் தோற்பது ஒரே நாளில் எல்லா விதையையும் தூவுவதால்தான். 25-ஆம் நாள் கீரை குவியும், 40-ஆம் நாள் ஒன்றும் இருக்காது. ஆறடிக்கு மூன்றடியாக நான்கு பாத்தி போட்டு, வாரத்துக்கு ஒரு பாத்தி விதையுங்கள். சிறுகீரை, முளைக்கீரையை வேரோடு பிடுங்குங்கள். அரைக்கீரையை ஒடித்து எடுங்கள், திரும்பத் திரும்பத் தழைக்கும். முருங்கையை ஆள் உயரத்தில் வெட்டிவிட்டுக்கொண்டே இருந்தால் கைக்கு எட்டும் இலை ஆண்டு முழுக்க இருக்கும். விற்காத காய் மீந்தால் பக்கத்து வீட்டுக்குக் கொடுங்கள். அவர்கள் புழக்கடையிலிருந்து வேறொன்று உங்கள் வீட்டுக்கு வரும்.

நாலு கோழி, ஒரு பழைய பானை

நாட்டுக்கோழி ஆண்டுக்கு 60 முதல் 80 முட்டை இடும். நாலு பெட்டை இருந்தால் வாரத்துக்கு ஐந்தாறு முட்டை, அடைக்கு வைத்தது போக நாலாவது கிடைக்கும். அந்த முட்டையில் முதல் உரிமை சின்னக் குழந்தைக்கும் பிள்ளைத்தாய்ச்சிக்கும்.

குஞ்சுகளுக்குத் தீவனம் வாங்கவேண்டியதில்லை. ஓரம் உடைந்த பானை ஒன்றில் கிழிந்த கோணி, காய்ந்த சாணம், ஓலை, மட்டை இவற்றைத் திணித்து, தண்ணீர் தெளித்து, புழக்கடையில் கரையான் புற்று இருக்கும் பக்கமாகச் சாயங்காலம் கவிழ்த்து வையுங்கள். காலையில் வெளிச்சம் வந்ததும் பானையைத் தூக்கித் தட்டினால் வெள்ளை வெள்ளையாகக் கரையான் கொட்டும். தாய்க்கோழி ஒரு குரல் கொடுக்கும், குஞ்சுகள் ஓடிவந்து ஐந்து நிமிடத்தில் தரையைத் துடைத்துவிடும். எங்கள் மகள் பள்ளிக்குப் போகுமுன் செய்யும் வேலை இது; ஒரு நாளும் மறந்ததில்லை.

கோழி வளர்ப்பில் நட்டம் வருவது வெள்ளைக்கழிச்சலால். இரண்டு நாளில் கூண்டு காலியாகிவிடும். கால்நடைத் துறை ஆண்டுதோறும் பிப்ரவரியில் ஊர் ஊராக இலவசத் தடுப்பூசி முகாம் நடத்துகிறது. தண்டோரா காதில் விழாவிட்டாலும் நீங்களே மருந்தகத்தில் தேதி கேட்டு வாருங்கள்.

தட்டில் வைக்கும்போது

விளைந்துவிட்டால் மட்டும் உடம்பில் சேராது. கேழ்வரகிலும் பயறிலும் கீரையிலும் உள்ள இரும்புச்சத்து எளிதில் உடம்பு ஏற்காத வகை. கூடவே எலுமிச்சை, நெல்லி, கொய்யா என்று புளிப்போ பழமோ இருந்தால் ஏற்பு கூடும். சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் குறையும். ஒரு மணி நேரம் தள்ளிக் குடியுங்கள். கீரையை நறுக்கும் முன் கழுவுங்கள், கொஞ்சம் எண்ணெய் விட்டுச் சமையுங்கள்.

கேழ்வரகை ஓர் இரவு ஊறவைத்து, துணியில் கட்டி முளைகட்டி, நிழலில் உலர்த்தி, லேசாக வறுத்து அரைத்த மாவு ஆறு மாதம் முடிந்த குழந்தைக்குத் தாய்ப்பாலை நிறுத்தாமல் கூடவே தரும் கஞ்சிக்கு நல்லது. முளைகட்டும்போது சத்தைப் பிடித்துவைக்கும் பைட்டேட் குறைகிறது. கர்ப்பிணிகளுக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் கொடுக்கும் இரும்புச்சத்து மாத்திரையைக் கீரை சாப்பிடுகிறோம் என்று நிறுத்திவிடாதீர்கள். இரண்டும் வேண்டும்.

வீட்டில் பெரியவர்கள் களியை ஏழைச் சாப்பாடு என்று ஒதுக்கலாம். என் அப்பா ஓர் ஆண்டு முழுக்க முகம் சுளித்தார். வற்புறுத்தவில்லை. மார்கழியில் முதல் பச்சை மொச்சை வந்த அன்று குழம்பின் வாசனைக்கு அவரே தட்டை எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார்.

அடுத்த ஆண்டுக்கு

முதல் ஆண்டு எல்லாவற்றையும் ஒன்றாகச் செய்ய முயலாதீர்கள். நோட்டு, மண் மாதிரி, அரை ஏக்கரில் ஊடுவரிசை, நான்கு கீரைப் பாத்தி, இவ்வளவு போதும். கோழியைத் தை பிறந்த பிறகு சேர்க்கலாம். மானியம், விதை இருப்பு, வானிலைக்கு உழவன் செயலியைப் பாருங்கள், ஆனால் வட்டார உதவி வேளாண்மை அலுவலரை நேரில் ஒரு முறை கொல்லைக்கு அழைத்து வந்து காட்டுங்கள்.

அறுவடைக்கு ஒரு வாரம் முன்பு கொல்லையைச் சுற்றி நடந்து, நோயில்லாத, தடித்த, நன்றாக மடங்கிய கதிர்களாகப் பார்த்துத் துணிக்கயிறு கட்டி அடையாளம் வையுங்கள். அவற்றைத் தனியாக அறுத்து, அடுப்புக்கு மேலே புகை படும் இடத்தில் கட்டித் தொங்கவிடுங்கள். ஆனி கடைசியில் இறக்கிக் கசக்கினால் ஆடிக்கான விதை தயார். அதே வாரத்தில் பழைய நோட்டை எடுத்து, மறுபடி ஏழு நாள், மூன்று வேளையும் எழுதிப் பாருங்கள்.